பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம் நான் எங்கே போனேன்

ஓம் சரவணபவ.



பங்குனி உத்திரம் முருகன் அருளால நல்லபடியா முடிஞ்சது. பால்குடம் எடுத்தவங்க, காவடி எடுத்தவங்க, மடப்பள்ளியில விடிய விடிய நின்னவங்க எல்லாருக்கும் நன்றி. ஆனா இந்தப் பதிவு திருவிழாவைப் பத்தி இல்ல. திருவிழாவுக்கு முந்தின சனி, ஞாயிறு நான் எங்கே போனேன்னு நிறைய பேரு கேட்டீங்க. வாட்ஸ்அப் குரூப்புல "வெளியூர்"னு ஒரு வார்த்தை மட்டும் போட்டேன். அது முழு உண்மை இல்ல. அதனாலதான் இதை எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நானும் என் சம்சாரமும் ஜப்பானுக்குப் போனோம். தோக்கியோ. பூ பார்க்க.

ஆமா, பூ பார்க்கத்தான். சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க. நானும் முதல்ல சிரிச்சவன்தான்.

நான் வேலை செய்யிற ஃபேக்டரிக்கு சாமான் அனுப்புற ஜப்பான் கம்பெனி ஒன்று வருஷா வருஷம் காலண்டர் கொடுக்கும். அதுல ஏப்ரல் மாசத்துப் படம் எப்பவுமே சக்குரா பூ. 14 வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை என் சம்சாரம் அந்தப் படத்தைப் பார்த்துட்டு, "ஏங்க, இலையே இல்லாம மரம் முழுக்க பூவா இருக்கே, இப்படி நெசமாவே இருக்குமா?"ன்னு கேட்டா. "எல்லாம் கேமரா வேலை"ன்னு சொல்லிட்டு நான் கோயிலுக்குக் கிளம்பிட்டேன். அன்னைக்கு அன்னதானம். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

என் சம்சாரத்தை உங்களுக்குத் தெரியும். 22 வருஷமா நம்ம கோயில்ல பூக்கட்டுற இடத்துல உட்கார்ந்தவ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேமரன் மலை செவ்வந்தி வந்து இறங்கினா, முதல் நூலை எடுக்கிறது அவதான். கார்த்திகைக்கு, தைப்பூசத்துக்கு, பங்குனி உத்திரத்துக்கு அவ கட்டின மாலை எத்தனை மாலைன்னு எனக்கு கணக்குத் தெரியாது.

போன வருஷம் அவ பூக்கட்ட வரதை நிறுத்திட்டா. கேட்டதுக்கு "விரல் மரத்துப் போகுதுங்க"ன்னு சொன்னா. எனக்கும் அது சரியாத்தான் பட்டது. அவளுக்கு இனிப்பு நீர் இருக்கு, 11 வருஷம் ஆச்சு. விரல் மரத்துப் போறது புதுசு இல்லையேன்னு விட்டுட்டேன்.

ஒரு நாள் பூக்கட்டுற பெரியம்மா மடப்பள்ளி வாசல்ல வந்து நின்னாங்க. நான் சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கிட்டு இருந்தேன். "தம்பி, ஒரு நிமிஷம் வா"ன்னாங்க. போனேன். "உன் பொண்டாட்டிக்கு ஒரு மாசமா பொட்டு கோணலா இருக்கு. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். அது விரல் இல்லடா, கண்ணு. கூட்டிட்டுப் போய் காட்டு."

எனக்கு அந்த இடத்துலேயே உடம்பு சில்லிட்டுப் போச்சு. நான் ஃபேக்டரியில சூப்பர்வைசர். என் வேலையே கோணலைக் கண்டுபிடிக்கிறது. ஒரு தகட்டுல தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் விளக்குக்கு அடியில பிடிச்சுப் பார்த்து ரிஜெக்ட் போடுறவன். என் எதிர்ல தினமும் உட்கார்ந்து சாப்பிடுறவளோட நெத்தியில பொட்டு ஒரு மாசமா கோணலா இருந்திருக்கு, எனக்குத் தெரியல.

ஆஸ்பத்திரியில சொட்டு மருந்து போட்டு, கண்ணுக்குள்ள விளக்கு அடிச்சுப் பார்த்தாங்க. சர்க்கரை ஏறி ஏறி கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற சின்ன ரத்தக் குழாய் எல்லாம் கசிஞ்சிருக்கு. இடது கண்ணுல அதிகம், வலது கண்ணுல ஆரம்பம். லேசர் வச்சாங்க. "போன பார்வை அப்படியே திரும்பி வரும்னு சொல்ல முடியாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வைக்கணும்"னு டாக்டர் பொறுமையா விளக்கினாரு. இந்த நோய் ஆரம்பத்துல வலிக்காது, பார்வையும் நல்லா இருக்கிற மாதிரியே இருக்குமாம். தெரிய வரும்போது பாதி நடந்து முடிஞ்சிருக்குமாம்.

வீட்டுக்கு வந்து அவ கிளினிக் கார்டைத் தேடினா. சாமி அலமாரிக்குள்ள வச்சிருக்கேன், எடுங்கன்னு சொன்னா. நான் கதவைத் திறந்தேன். கதவோட உள்பக்கம், முருகன் படத்துக்குக் கீழே, அந்த ஏப்ரல் மாசப் படம் ஒட்டியிருந்தது. 14 வருஷத்துப் படம். ஓரம் எல்லாம் சாம்பிராணிப் புகையில மஞ்சளாப் போயிருந்தது.

அவகிட்ட நான் ஒன்றும் கேட்கல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

பிரச்சனை என்னன்னா, அந்தப் பூ நம்ம வசதிக்குப் பூக்காது. தோக்கியோவுல மார்ச் கடைசி, ஏப்ரல் ஆரம்பம். நல்லா மலர்ந்தா ஒரு வாரம் நிக்கும், மழை காத்து வந்தா அதுவும் இல்ல. நமக்கு அப்போதான் பங்குனி உத்திரம். 19 வருஷத்துல அந்த வேலையை நான் விட்டதே இல்ல. அரிசி மூட்டை வர்ற நாளு, பந்தல் போடுற நாளு, எல்லாத்துக்கும் நான் இருப்பேன்.

தலைவர்கிட்ட சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லல, "குடும்பம் முக்கியம், போயிட்டு வாங்க"ன்னாரு. ஆனா மடப்பள்ளியில ஒருத்தர் என் காதுல விழுற மாதிரியே சொன்னாரு: "பங்குனி உத்திரத்தை விட்டுட்டு பூ பார்க்க ஜப்பானா? நம்ம கோயில்ல இல்லாத பூவா?" யாருன்னு சொல்ல மாட்டேன். அவர் மேல எனக்குக் கோபமும் இல்ல. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வேற யாராவது போயிருந்தா, அதையே நானும் சொல்லியிருப்பேன்.

என் சம்சாரம் காதுக்கும் அது போச்சு. "டிக்கெட்டை விட்டுடுங்க. சாமி குத்தம் வேணாம்"னு அழுதா. நான் பூக்கட்டுற பெரியம்மாகிட்ட போய் நின்னேன். அவங்க நூலை விட்டுக் கை எடுக்காமலே சொன்னாங்க: "போயிட்டு வாங்கடா. முருகன் எங்கேயும் போக மாட்டாரு."

விமானத்துல போகலாமான்னு டாக்டரைக் கேட்டு, அவர் சரின்னு சொன்ன பிறகு, வெள்ளிக்கிழமை கிளம்பினோம். ஏழு மணி நேரப் பயணம். விரதம்ங்கிறதால பூண்டு போடாத புளிக்காய்ச்சலை ஒரு டப்பாவுல அடைச்சு எடுத்துக்கிட்டா. அங்க கடையில சூடு பண்ணிச் சாப்பிடுற வெறும் சோறு பாக்கெட் கிடைக்கும். மூணு நாளும் எங்களைக் காப்பாத்துனது அந்த டப்பாதான். அங்க காய்கறிச் சாப்பாடுன்னு நினைச்சு வாங்குனா, உள்ள மீன் போட்டுக் கொதிக்க வச்ச சாறு இருக்கும். போறவங்க கவனம்.

சனிக்கிழமை காலையில உவேனோ பூங்காவுக்குப் போனோம். நல்ல குளிரு. ரெண்டு பக்கமும் மரம், நடுவுல அகலமான பாதை. தைப்பூசத்துக்கு பத்துமலையில நடக்கிற மாதிரி கூட்டம், ஆனா சத்தம் கம்மி. பாதை ஓரத்துல நீலப் பாய் விரிச்சு, செருப்பைக் கழட்டி ஒழுங்கா வச்சுட்டு, குடும்பம் குடும்பமா உட்கார்ந்து சாப்பிடுறாங்க. மேல பார்த்தா வானம் தெரியல. வெள்ளையும் இல்ல, ரோஸும் இல்ல, பால்ல ஒரு சொட்டு ரோஸ் சிரப் விட்ட மாதிரி ஒரு நிறம். இலை ஒன்று கூட இல்ல. கேமரா வேலை இல்ல.

நான் அவ முகத்தைப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னா. ரொம்ப நேரம் ஒன்றும் பேசல. "எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். "மேகம் மாதிரி இருக்குங்க. ஒரு ஒரு பூவா எனக்குத் தெரியல"ன்னா.

அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. லேட்டா வந்துட்டோம்னு நினைச்சேன். 14 வருஷம் லேட்டு.

பிறகு கொஞ்ச தூரத்துல ஒரு கிளை தாழ்வா இருந்தது. அவளைக் கூட்டிட்டுப் போனேன். வலது கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தா. கையால தொடல, அங்க யாரும் தொடுறது இல்ல. பார்த்துட்டு பூக்காரியாவே பேச ஆரம்பிச்சுட்டா. "அஞ்சு இதழு. ஒவ்வொரு இதழுக்கும் நுனியில ஒரு சின்ன வெட்டு இருக்கு பாருங்க. காம்பு நல்ல நீளம், கட்டலாம். ஆனா இதழ் நிக்காது, முடிச்சு போடும்போதே கொட்டிடும். வாசமும் இல்லையே. இது மாலைக்கு ஆகாதுங்க." எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அவளும் சிரிச்சா.

கொஞ்ச நேரம் கழிச்சு அவளே சொன்னா: "நாம பறிச்சுக் கொண்டு போய் சாத்துறோம். இவங்க மரத்துலேயே சாத்திட்டாங்க."

அங்க அதிகமா இருக்கிற மரத்துக்குப் பேரு சோமெய் யோஷினோ. விதை போட்டு வளர்க்கிறது இல்ல, எல்லாம் ஒட்டு. ஒரு மரத்துல இருந்து ஒட்டு வச்சு ஒட்டு வச்சுப் பரப்பினது. அதனால எல்லா மரமும் ஒரே ஜாதி, ஒரே குணம். ஒரே மோல்டுல வார்த்த சாமான் மாதிரி. அதனாலதான் ஒரு ஊர் முழுக்க ஒண்ணா பூக்குது, ஒண்ணா கொட்டுது.

உவேனோ பூங்காவுக்குக் கீழே ஷினோபாசுன்னு ஒரு பெரிய குளம். குளத்து நடுவுல ஒரு கோயில். பேரு பென்தென்தோ. உள்ள இருக்கிற அம்மனுக்குப் பேரு பென்சாய்தென். அது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம சரஸ்வதி. பௌத்த மதத்தோட சீனா வழியா ஜப்பானுக்குப் போனவங்க. நம்ம அம்மா கையில வீணை, அங்க பீவான்னு ஒரு தந்தி வாத்தியம். கோயிலுக்கு முன்னாடி அந்த வாத்தியத்தைக் கல்லுலேயே பெருசா வச்சிருக்காங்க. 400 வருஷத்துக்கு முன்னாடி தென்காய்ங்கிற துறவி கட்டின கோயில். 1945 போர்ல குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு, 1958ல மறுபடியும் கட்டியிருக்காங்க. உள்ள எட்டு கை அம்மன்னு சொல்றாங்க. மூல விக்கிரகம் சாதாரண நாள்ல கண்ணுக்குத் தெரியாது. வாசல்ல நின்னு நம்ம வழக்கப்படியே கும்பிட்டோம்.

அந்த வளாகத்துல நிறைய நினைவுக் கல்லு இருக்கு. சமையல் கத்திக்கு ஒரு கல்லு, மீனுக்கு ஒரு கல்லு. தனக்கு உழைச்ச பொருளுக்கும், தனக்காகச் செத்த உயிருக்கும் நன்றி சொல்றதுக்கு வைக்கிறாங்க. அதுல ஒரு கல்லு மூக்குக் கண்ணாடிக்கு. நெசமாத்தான். கண்ணாடியைக் கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க.

என் சம்சாரம் அந்தக் கல்லுகிட்ட போய், தன்னோட கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னா. பிறகு ஆயுத பூஜைக்குத் தொட்டுக் கும்பிடுற மாதிரி அந்தக் கண்ணாடியைக் கண்ணுல ஒத்திக்கிட்டு மறுபடியும் போட்டுக்கிட்டா. என்ன வேண்டிக்கிட்டேன்னு நான் கேட்கல. அவளும் சொல்லல.

ஞாயிற்றுக்கிழமை அசாகுசா. சுமிதா ஆத்தோரம் போனோம். அந்தக் கரையில 1717ல யோஷிமுனேங்கிற ஷோகன் ஊர் மக்களுக்காக சக்குரா மரம் நட்டாரு. ராஜாக்கள் கோட்டைக்குள்ள ரசிச்ச பூவை சனங்களுக்குத் திறந்து விட்ட மாதிரி. இன்னைக்கும் அந்தக் கரை முழுக்க மரம், அந்தப் பக்கம் 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரம்.

அங்க பக்கத்துலேயே ஒரு சின்ன குன்று. குன்று இருந்தா குமரன் இருப்பான்னு நாம சொல்வோம். அங்க அண்ணன் உட்கார்ந்திருக்காரு. மாட்சுச்சியாமா ஷோதென்னு பேரு. ஷோதென்னா நம்ம விநாயகர்தான். விக்கிரகத்தை யாருக்கும் காட்ட மாட்டாங்க. அவருக்கு அங்க கொழுக்கட்டை இல்ல, அருகம்புல் இல்ல. முள்ளங்கி! முழு வெள்ளை முள்ளங்கி, என் முழங்கை நீளம். வாங்கி சாமிக்கு முன்னாடி அடுக்கி வைக்கிறாங்க. கோயில் சுவத்துல, தூண்ல, எங்க பார்த்தாலும் ரெண்டு முள்ளங்கி பின்னிக்கிட்டு இருக்கிற சின்னம். அதுக்கு அர்த்தம் என்னன்னா உடம்பு ஆரோக்கியம், புருஷன் பொண்டாட்டி ஒத்துமை.

எங்களுக்கு எது வேணுமோ அந்த ரெண்டையும் அந்தக் குன்று மேல எழுதி வச்சிருந்தாங்க. படி ஏற முடியாதவங்களுக்கு ஒரு குட்டி வண்டி ரயில் மாதிரி மேல கொண்டு போய் விடுது. அதுக்குப் பேரு சக்குரா ரயில். அவ முழங்காலுக்கு அது பெரிய உதவி. நாமும் நம்ம கோயில் வயசானவங்களுக்கு ஏதாவது யோசிக்கணும், தலைவர் பார்வைக்கு.

முள்ளங்கி ஒன்று வாங்கிப் படைச்சோம். படைச்ச முள்ளங்கியை பிரசாதமா எடுத்துக்கலாம், ஒன்று கிடைச்சது. ஓட்டல்ல கத்தி இல்ல. ராத்திரி ரெண்டு பேரும் கட்டில்ல உட்கார்ந்து, முள்ளங்கியை மாத்தி மாத்திக் கடிச்சுக்கிட்டு, புளிக்காய்ச்சல் போட்டு சோறு சாப்பிட்டோம். 29 வருஷக் கல்யாண வாழ்க்கையில அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்ல.

ஆனா நான் சொல்ல வந்தது அதுக்கு முன்னாடி, அந்த சாயங்காலம் நடந்தது.

ஆத்தோரத்துல ஒரு பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். திடீர்னு காத்து வீசுச்சு. கரையில இருந்த அத்தனை மரமும் ஒரே நேரத்துல இதழைக் கொட்டுச்சு. அர்ச்சனை பண்ணும்போது குருக்கள் கையில இருந்து பூ விழுமே, அந்த மாதிரி, ஆனா ஊர் முழுக்க. தண்ணி மேல விழுந்து வெள்ளைப் பாயா மிதந்து போச்சு.

லேசர் வச்சதுக்கு முன்னாடியே அவ கண்ணுல கறுப்புக் கறுப்பா புள்ளி பறக்கும். கொசு மாதிரி, நூல் மாதிரி. கையால விரட்டுவா. அது கண்ணுக்குள்ள இருக்கிறதுன்னு தெரியாம பல நாள் "வீட்டுல கொசு"ன்னு சொல்லியிருக்கா, நானும் கொசு மருந்து அடிச்சிருக்கேன்.

அந்தக் காத்துல அவ கையை நீட்டி விரட்டுற மாதிரி செஞ்சுட்டு நிறுத்திட்டா. "ஏங்க, இது பூவா, என் கண்ணுல பறக்கிறதா?"

"பூதாம்மா"ன்னு சொன்னேன். ஒரு இதழ் என் சட்டையில ஒட்டியிருந்தது. எடுத்து அவ உள்ளங்கையில வச்சேன். விரலால தடவிப் பார்த்தா. நுனியில இருக்கிற அந்த வெட்டைத் தேடிக் கண்டுபிடிச்சா.

"இவ்வளவு நாளா கறுப்பா பறந்துச்சு. இன்னைக்கு வெள்ளையா பறக்குது"ன்னா.

நான் ஆத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவளைப் பார்க்க முடியல.

திங்கட்கிழமை திரும்பினோம். மறுநாளே மடப்பள்ளிக்கு வந்துட்டேன். எனக்காக யாரும் காத்துக்கிட்டு இல்ல. அரிசி வந்து இறங்கியிருந்தது, பந்தல் போட்டாச்சு, காய்கறி கணக்கு சரியா இருந்தது. நம்ம இளைஞர் பிள்ளைங்க எல்லாத்தையும் முடிச்சு வச்சிருந்தாங்க. நான் இல்லன்னா நடக்காதுன்னு 19 வருஷமா நினைச்சது பக்தியா, கர்வமான்னு இப்போ யோசிக்கிறேன்.

வந்த பிறகு ஒன்று படிச்சேன். முருகனும் ஜப்பானுக்குப் போயிருக்காரு. அங்க இதாதென்னு பேரு, நம்ம ஸ்கந்தன்தான். வேகமா ஓடுற சாமி. அங்க மடங்கள்ல அவரை எங்க வைக்கிறாங்க தெரியுமா? மடப்பள்ளியில. சமையல் நடக்கிற இடத்துக்கு அவர்தான் காவல். பெரியம்மாகிட்ட சொன்னேன். "அதான் சொன்னேனே, அவரு எங்கேயும் போக மாட்டாரு. எல்லா இடத்துலயும் இருக்கிறவரு எங்க போவாரு?"ன்னாங்க.

என் சம்சாரமும் மறுபடியும் பூக்கட்டுற இடத்துக்கு வந்துட்டா. முடிச்சு அவளுக்குத் தெரியாது, ஆனா விரலுக்குத் தெரியுது. புதுசா வந்த பொண்ணுங்களுக்கு கண்ணை மூடிக்கிட்டுக் கட்டச் சொல்லிக் கொடுக்கிறா. உதிரிப்பூ பிரிக்கிறது இப்போ அவ பொறுப்பு. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் நானும் அங்க உட்கார்றேன். நான் கட்டின சரத்தை அவ தடவிப் பார்த்துட்டு ரெண்டு தடவை அவுத்துப் போட்டுட்டா. "லூசு. ரிஜெக்ட்."

பக்தர்கள் கிட்ட ரெண்டே வேண்டுகோள்.

ஒன்று, இனிப்பு நீர் இருக்கிறவங்க எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைக் காட்டுங்க. கண்ணு நல்லாத் தெரியுதேன்னு இருந்துடாதீங்க. நல்லாத் தெரியும்போதே காட்டணும். அன்னதானத்துல பாயசம் ரெண்டாவது கப் கேட்டா, இனிமே நான் முகத்தைப் பார்த்துட்டுத்தான் ஊத்துவேன், கோவிச்சுக்காதீங்க.

ரெண்டு, கோயில்ல வழக்கமா உட்கார்ற ஒருத்தர் திடீர்னு வரலன்னா, ஏன்னு கேளுங்க. சொல்ற காரணத்தோட விட்டுடாம முகத்தையும் பாருங்க. பெரியம்மா பார்த்த மாதிரி. வீட்டுல இருக்கிறவங்க முகத்தையும்தான்.

அந்த ஏப்ரல் படத்தை சாமி அலமாரியில இருந்து எடுக்கல. பக்கத்துல அவ கொண்டு வந்த ஒரு இதழை ஒட்டி வச்சிருக்கா. காஞ்சு நிறம் மாறிடுச்சு. வெட்டு மட்டும் அப்படியே இருக்கு.

எழுத்துல தவறு இருந்தா மன்னிக்கவும்.

வேல் வேல் வெற்றிவேல்.